பிடிகொடுக்காத பூனை: கிளினிக்கில் எதைக் கண்டால் என்ன செய்வது

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துக் கிளினிக்குகளில் உதவியாளராகச் சேரும் பிள்ளைகள் நாயைப் பிடிப்பதற்குச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். பூனை என்றால்தான் தயங்குகிறார்கள். தயங்கும் கை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கிய பிடியில் பூனை மிரள்கிறது. மிரண்ட பூனை கடிக்கிறது. பிறகு அதன் அட்டையில் ‘முரட்டுப் பூனை’ என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூனை வளர்ப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மேசையில் வெடிக்கிற பல தகராறுகள் அவர்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகின்றன.

மேசையில் சீறுகிற பூனை பயந்துபோன பூனை. அந்தப் பயத்துக்கு நாம் செய்துவைத்த ஏற்பாட்டில் ஏதோ ஒரு பிசகு காரணமாக இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்தால் பிடி தானாக இளகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அறையை மூடுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரமும் மூடியிருக்க வேண்டும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். பயந்த பூனை அலமாரி உச்சிக்குத் தாவும். அங்கிருந்து விசிறி இறக்கை எட்டும் தூரம்தான். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கை ஓர் அட்டை வைத்து மறையுங்கள். ஸ்டீல் மேசைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஒரு துண்டு. கால் வழுக்கும் பூனை எதையாவது பற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். பக்கத்தில் இருப்பது உங்கள் கை.

கூடையை விட்டு வெளியே வரவில்லை

கவிழ்த்துக் கொட்டாதீர்கள். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். வாலை இழுப்பது அதைவிட மோசம். வாலடி நரம்பு அறுந்தால் சிறுநீர் கழிப்பதே நின்றுபோகலாம்.

கூடைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வளர்ப்பவரிடம் நோய் விவரம் கேட்க ஆரம்பியுங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி உண்டா, தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் பல பூனைகள் தாமாகவே மூக்கை நீட்டும். வராவிட்டால் பிளாஸ்டிக் கேரியரின் பக்கவாட்டுக் கொக்கிகளைக் கழற்றி, மேல்பாதியை மட்டும் மெதுவாகத் தூக்கி, அந்த இடைவெளியில் ஒரு துண்டைச் செருகிப் பூனையை மூடுங்கள். அடிப்பாதியிலேயே உட்கார்ந்திருக்கட்டும். இதயத்துடிப்பு கேட்பது, காது, கண், வாய் பார்ப்பது, தடுப்பூசி போடுவது எல்லாவற்றையும் அங்கேயே முடிக்கலாம்.

நம் பகுதியில் கேரியரில் வருவதைவிடக் கட்டைப்பையிலும் அரிசிச் சாக்கிலும் வருவது சாதாரணம். கட்டைப்பை என்றால் பையை மேசையில் வைத்து, அதன் விளிம்பைச் சுருட்டிச் சுருட்டிக் கீழிறக்குங்கள். உடம்பு பைக்குள்ளேயே இருக்க, தலை மட்டும் வெளியே தெரியும். சாக்குக்குள் பார்க்காமல் கையை விடவே கூடாது. சாக்கைக் கிடத்தி, வாயைத் திறந்து, திறந்த பக்கத்தில் துண்டு மூடிய கூடையை வையுங்கள். இருட்டான இடத்தைத் தேடி அதுவே உள்ளே போகும். மீன் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்தால், மூடியைத் திறந்ததும் முதலில் மூச்சைப் பாருங்கள். வெயிலில் ஷேர் ஆட்டோவில் வந்த பெட்டிக்குள் காற்றே இருக்காது.

வளர்ப்பவர்களுக்கு: துவைக்கும் துணி போடும் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினாலே நல்ல கூண்டு கிடைத்துவிடும். வாங்கியதும் மறைத்து வைக்காமல் வீட்டிலேயே திறந்துபோட்டு, உள்ளே நீங்கள் உடுத்திய பழைய நைட்டியையோ லுங்கியையோ விரித்து வையுங்கள். அதில் படுத்துப் பழகிய பூனைக்கு அந்தக் கூடையே பாதி வீடு.

காத்திருக்கும் இடத்திலேயே கத்துகிறது

கூடை தரையில் இருக்கும், எதிரே நாய் இருக்கும். கூடையை நாற்காலிமேல் ஏற்றி, துணியால் மூடி, சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மாலையில் நாய்க்கூட்டம் சேரும் கிளினிக்குகள் பகலில் ஒரு மணி நேரத்தைப் பூனைக்கென்றே ஒதுக்க முடியுமானால் ஒதுக்க வேண்டும். இதற்குச் செலவே கிடையாது என்பதால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காது பக்கவாட்டில் மடங்குகிறது, வால்நுனி துடிக்கிறது, கண்மணி விரிகிறது

கடிக்கு முந்தைய எச்சரிக்கை இது. பூனை சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்; நாம்தான் கேட்பதில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. பூனைக்கு வியர்வை உள்ளங்கால் மெத்தைகளில்தான் சுரக்கும். மேசை விளிம்பில், துண்டு மூடாத ஸ்டீல் பகுதியில், அது காலெடுத்து வைத்த இடத்தைக் குனிந்து பாருங்கள். நாலு சின்ன வட்டங்களும் ஒரு பெரிய வட்டமுமாக ஈரத் தடம் பதிந்து, ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டால், அது சீறாமல் இருந்தாலும் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். ‘உஷ்… உஷ்…’ என்று அமைதிப்படுத்துவது நம் பழக்கம். பூனைக்கு அது இன்னொரு பூனை சீறுவதாகக் கேட்கும். ஸ்பிரிட்டைப் பீய்ச்சும் பாட்டில் சத்தமும் அப்படியே, அதனால் பஞ்சில் நனைத்துத் தொடுங்கள். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்காது 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். முடி வெட்டும் கருவி, ஸ்டீல் தட்டில் கத்தரிக்கோல் விழும் ஓசை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி அடிக்கும் ஹாரன் எல்லாம் அதற்கு நம்மைவிடப் பெரிதாகவே விழுகின்றன. லாரியை நிறுத்த முடியாது. ஜன்னலைச் சாத்தலாம், குரலைத் தாழ்த்தலாம்.

வளர்ப்பவரிடம், “அம்மா, நீங்கள் பிடிக்க வேண்டாம், அது பார்க்கும்படி நின்று பேசிக்கொண்டிருங்கள்” என்று சொல்லுங்கள். மிரண்ட பூனைக்கு ஆள் தெரியாது. தன் மடியில் வளர்த்தவரின் கையையே அது கிழித்துவிடும்.

ஆடாமல் அசையாமல் கிடக்கிறது

‘சாது’ என்று நினைத்துவிடுவோம். உடம்பைத் தரையோடு ஒட்டி, கண்மணி முழுக்கக் கறுத்து, மூச்சு வேகமாக ஓடினால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. இந்த அமைதி எந்த நொடியும் உடையலாம். தலையைத் துண்டால் மூடி இருட்டாக்கி, மிக அவசியமானதை மட்டும் செய்து முடியுங்கள்.

பிடறியைப் பிடித்தால்தான் அடங்குகிறது

பழைய கம்பவுண்டர்களிடமிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது. தாய்ப்பூனையே அப்படித்தானே தூக்குகிறது என்பார்கள். தாய் தூக்குவது சில வாரக் குட்டியை. வளர்ந்த பூனையின் பிடறியை இன்னொரு பிராணி கவ்வுவது இரண்டே நேரங்களில்: சண்டையில், இணைசேர்கையில். அந்தப் பிடியில் அது அடங்குவது நிம்மதியால் அல்ல, தப்ப வழியில்லை என்பதால். நாலு கிலோ உடம்பைப் பிடறித்தோலில் தொங்கவிட்டால் வலியும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கமும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பிடறிப்பிடி வேண்டாம் என்றே சொல்கின்றன. நானும் அந்தக் கட்சிதான். இந்த முறை பிடறியில் பிடிபட்ட பூனை அடுத்த முறை கூடைக் கதவு திறக்கும்போதே சீறும்.

மாற்று எளிது. பூனையின் பின்பக்கம் உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க, முகம் எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். உங்கள் இரு முழங்கைகளும் அதன் விலாவின் இருபுறமும் வேலியாக நிற்கட்டும். ஒரு கை நெஞ்சுக்கடியில்; மறுகை பின்தலையிலிருந்து தாடையின் இருபக்கமும் விரல்களை வைத்துத் தலையை நேராக நிறுத்தட்டும். தொண்டையை அழுத்தக் கூடாது. பின்னால் நகர முடியாது, முன்னால் மருத்துவர் நிற்கிறார். பல பூனைகளுக்கு இந்த அளவு போதும்.

தோல் கையுறையைப் பற்றியும் கேட்பார்கள். கூண்டிலிருந்து தெருப்பூனையை எடுக்க உதவும். ஆனால் தடித்த கையுறைக்குள் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது, கூர்மையான கோரைப்பல் அதையும் துளைக்கும். அதை நம்பித் துணிச்சல் கொள்ள வேண்டாம்.

துண்டில் சுற்றியும் திமிறுகிறது

சுற்றிய விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முன்னங்கால் வெளியே இருக்கும், அல்லது கழுத்தடியில் துணி தொளதொளவென்று இருக்கும். மெல்லிய ஈரிழைத் துண்டும் உதவாது. 30-க்கு 60 அங்குலத் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டும். நகம் அதில் சிக்கிக்கொள்ளும், தோலுக்கு வராது.

துண்டை மேசையில் அகலமாக விரியுங்கள். முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிப் பூனையைக் குப்புற உட்கார வையுங்கள். இடதுபக்கத் துணியை முதுகின்மேல் இழுத்து வலது விலாவுக்கு அடியில் செருகுங்கள். இப்போது முன்னால் மிஞ்சியிருக்கும் ஒரு சாண் துணியை முன்னங்கால்களுக்கு மேலாக மடித்து, தாடைக்குக் கீழே கொண்டுவாருங்கள். இந்த மடிப்பை விட்டுவிடுவதால்தான் கால் வெளியே வருகிறது. பிறகு வலதுபக்கத் துணியை முதுகின்மேல் போட்டு இடதுபக்கம் செருகிவிடுங்கள். பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல, இறுக்கம் தோளிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும். கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

முன்னங்காலில் ஊசி என்றால் அந்த ஒரு காலை மட்டும் வெளியே விட்டுச் சுற்றுங்கள். பின்பக்கம் பார்க்க வேண்டுமானால் வால்பக்கத்திலிருந்து துணியை ஒதுக்குங்கள். சித்திரை வெயிலில் நீண்ட நேரம் சுற்றியே வைக்கக் கூடாது. சரியாகச் சுற்றியும் இரண்டு நிமிடத்துக்குமேல் திமிறினால் அந்தப் பூனைக்குத் துண்டு போதாது; ‘எதுவும் சரிவரவில்லை’ என்ற தலைப்புக்குப் போங்கள்.

ஊசி குத்தும்போது துள்ளுகிறது

தடுப்பூசி என்றால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குத்தாமல், மருந்தேற்றிய சிரிஞ்சைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து குளிர் போக்குங்கள். மருந்துக் குப்பியின் ரப்பரில் குத்திய ஊசி கொஞ்சம் மழுங்கியிருக்கும். பூனைக்குப் புதிய ஊசி மாட்டுங்கள். குத்தும் நேரத்தில் நெற்றியையும் கன்னத்தையும் வருடுங்கள், வளர்ப்பவர் விரல்நுனியில் கொஞ்சம் கருவாட்டுத்தூள் காட்டட்டும். காசிமேட்டில் வளர்ந்த பூனை கடையில் விற்கும் பசைத்தீனியைவிட அதைத்தான் மதிக்கும்.

ரத்தம் எடுக்க என்றால் முன்னங்காலோடு ஏன் போராட வேண்டும்? பூனையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் பின்னங்காலை மடக்கிவிட்டால், கீழ்ப் பின்னங்காலின் உட்புறத்தில் ரத்தக்குழாய் நேராக ஓடுவது தெரியும். தலை துண்டுக்குள் இருக்கும், கை பல்லுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். முடியை வெட்டாமல் ஈரப்பஞ்சால் ஒதுக்கினாலே போதும்.

திமிறிய பூனையின் ரத்தத்தை முழுதாக நம்பவும் முடியாது. பயத்தில் பூனையின் ரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறும், சிறுநீரில்கூடச் சர்க்கரை வரலாம். ரத்த அழுத்தமும் உயரும், உடல் வெப்பமும் வழக்கமான 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். இல்லாத நீரிழிவுக்கு ஒரு பூனை வாழ்நாள் இன்சுலின் போட்டுக்கொள்ளக் கூடாது அல்லவா? எடுக்கும்போது பூனை எப்படி இருந்தது என்பதை ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதிவைக்கும்படி உதவியாளர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை இருக்கிறது.

வயிற்றைத் தொட்டதும் கடிக்க வருகிறது

வலி. கடுவன் பூனையாக இருந்து, மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் சிறுநீர் அடைப்பு. அழுத்திப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழியும். வரிசையை விட்டு முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடிய நோய் அல்ல.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நாய் வாய் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு, பூனைக்கு அப்படி இல்லை. நெஞ்சில் நீர், ஆஸ்துமா, இதயநோய், வெப்பத்தாக்கு, அல்லது நாம் கொடுத்த கடும் பயம், எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் மல்லாத்தினாலோ, ஒருக்களித்து எக்ஸ்ரே எடுக்க முயன்றாலோ மேசையிலேயே உயிர் போய்விடும்.

பிடியை விடுங்கள். குப்புற அமர்ந்த நிலையிலேயே இருக்கட்டும். ஆக்சிஜன் குழாயை மூக்குக்கு அருகில் காட்டுங்கள். முகமூடியை அழுத்தினால் மேலும் திமிறும். விளக்கைக் குறையுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். ஈறின் நிறத்தைப் பாருங்கள். நீலமா, வெளுப்பா, பழுப்பா? பழுப்பாக இருந்து முகமும் வீங்கியிருந்தால், “அண்ணா, காய்ச்சல் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேளுங்கள். நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொல்லப் போதும். நல்லெண்ணத்தில் கொடுத்திருப்பார்கள், திட்டினால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் ஆக்சிஜன் வசதி இல்லையென்றால் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி பாருங்கள்.

எதுவும் சரிவரவில்லை

நிறுத்துவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். நகம் வெட்டவும் வருடாந்தரத் தடுப்பூசிக்கும் வந்த பூனையோடு இன்றைக்கே மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. வேறொரு நாள் வரச்சொல்லுங்கள். அன்று வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அதன் பயத்தைக் குறைக்க மருந்து உண்டு. கபபென்டின் என்ற மருந்தை, பொதுவாகப் பூனை ஒன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம், வருவதற்கு 2, 3 மணி நேரம் முன்பு கொடுக்க மருத்துவர் எழுதித்தருவார். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவு குறையும், ஆகவே மருந்துக்கடையில் நேராக வாங்கிக் கொடுப்பது கூடாது. கொஞ்சம் தள்ளாடும், தூங்கும். மாடி விளிம்பில் விடக் கூடாது.

இன்றே பார்த்தாக வேண்டிய நோயென்றால் மருத்துவர் மயக்க ஊசி போடட்டும். எடை பார்க்காமல் மருந்தை ஏற்றக் கூடாது. கூடையோடு எடைபோட்டு, பிறகு கூடையை மட்டும் எடைபோட்டுக் கழியுங்கள். சைலசின் கொடுத்தால் பூனை வாந்தியெடுக்கும், எனவே கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேளுங்கள். கெட்டமைன் கொடுத்தால் கண் திறந்தே இருக்கும், அதில் கண்களிம்பு இடுவது உங்கள் பொறுப்பு. தெளியும்வரை கதகதப்பாக வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருங்கள். மயக்கம் என்றதும் வளர்ப்பவர்கள் பதறுவார்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்குவதைவிட இது பாதுகாப்பானது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கையை விட்டுப் பாய்ந்துவிட்டது

துரத்தாதீர்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, கூடையைத் திறந்து அறை மூலையில் வைத்து, விளக்கை மங்கலாக்கிவிட்டு ஒரே ஒருவர் மட்டும் உள்ளே இருங்கள். பத்து நிமிடத்தில் அது ஒரு மூலையைப் பிடித்து ஒடுங்கும். பெரிய துண்டை விரித்துப் பிடித்தபடி பக்கவாட்டில் நெருங்கி, முழு உடம்பையும் ஒரே முறையில் மூடி, துண்டோடு சேர்த்து எடுத்துக் கூடைக்குள் வையுங்கள்.

கடித்துவிட்டது, கீறிவிட்டது

பல் பதிந்திருக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். அசையாமல் இருங்கள், அது விடும்.

பூனைக்கடி மேலே ஊசிமுனை அளவுதான் தெரியும். உள்ளே தசைநார், மூட்டுவரை இறங்கியிருக்கும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஒரே இரவில் கையை வீங்கவைத்துவிடும். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் வேண்டாம். அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தோலைத் துளைத்த கடிக்கு, ரத்தம் வந்த கீறலுக்கும், வெறிநோய்த் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும். ஊசி தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). தோலுக்குள் போடுவதானால் 0, 3, 7, 28. டெட்டனஸ் ஊசியும் தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கிளினிக்கில் வேலை செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஊசி போடாத உதவியாளரைப் பூனைமேசையில் நிறுத்துகிற முதலாளிகள் அதை உடனே நிறுத்த வேண்டும்.

காரணமே இல்லாமல் பாய்கிறது, எச்சில் வடிகிறது, குரல் மாறியிருக்கிறது, தடுப்பூசி விவரம் தெரியவில்லை என்றால் யாரும் கைவைக்க வேண்டாம். கூண்டோடு தனியறையில் பூட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் இன்னொரு பூனை அதைப் பார்த்துச் சீறுகிறது

திரும்பிவந்த பூனைமேல் ஸ்பிரிட் வாடையும் நாய் வாடையும் ஒட்டியிருக்கும். வீட்டிலிருந்த பூனைக்கு அது அந்நியன். கூடையைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். மற்றது அமைதியாக முகர்ந்தால் திறக்கலாம். சீறினால் வந்ததை ஓர் அறையில் தனியாக விட்டு, அங்கேயே சோறும் தண்ணீரும் மண்தட்டும் வைத்து, 24 மணி நேரம் கழித்துச் சேருங்கள். ஒரே துணியால் இரண்டின் கன்னத்தையும் மாறிமாறித் துடைத்துவிட்டால் வாடை கலந்துபோகும். வாடை போக்குகிறேன் என்று குளிப்பாட்டிவிடாதீர்கள், தையல் இருந்தால் நனையும். அதற்குப் பிறகும் சண்டை ஓயாவிட்டால் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடுத்த முறை இரண்டையும் ஒன்றாகவே கூட்டிவரச் சொல்வோம்.